சிம் நிறுவனம் மாறினால் நெட் வேகம் கூடுமா? காரைக்குடி வட்டாரத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

#1 பள்ளத்தூர்வாசி

பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளில் ஒரே சிம் முகப்பில் நன்றாக ஓடுகிறது. இரண்டாம் கட்டுக்குள் (முற்றம் தாண்டிய உள்பகுதிக்குள்) போனால் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே நிற்கிறது. நம்பரை வேறு நிறுவனத்துக்கு மாற்றலாமா என்று கேட்டால் கடைக்குக் கடை ஒரு பதில். அவர்கள் காட்டும் ஸ்பீட் டெஸ்ட் எண்ணோ காரைக்குடி கல்லுக்கட்டியில் எடுத்தது. அதை வைத்துப் பள்ளத்தூர் வீட்டுக்கு முடிவெடுக்க முடியாது.

போர்ட் செய்வதற்கு (அதே எண்ணோடு நிறுவனம் மாறுவதற்கு) முன்பே இரண்டு நிறுவனங்களின் பிரவுசிங் வேகத்தைச் சரியாக ஒப்பிட என்ன வழி? எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்? போன் 5ஜி ஆண்ட்ராய்டு, இரட்டை சிம்.

#2 அலைவரிசை

அண்ணே, போர்ட் கடைசி வேலை. மாற நினைக்கும் நிறுவனத்தில் முதலில் புது எண்ணாக ஒரு ப்ரீபெய்டு சிம் வாங்கி, 28 நாள் பேக் போட்டு இரண்டாவது சிம்மாக வையுங்கள். ஏனென்றால் ஒருமுறை போர்ட் செய்துவிட்டால் அடுத்த 90 நாளைக்கு அந்த எண்ணை நகர்த்த முடியாது. வேகம் சரியில்லை என்று இரண்டாம் நாளே தெரிந்தாலும் மூன்று மாதம் அங்கேதான் இருக்க வேண்டும். ஒரு மாத ரீசார்ஜ் காசு அதைவிடக் குறைந்த செலவு.

இனி அளக்கும் முறை. இரண்டு சிம்மையும் ஒரே போனில், முடிந்தால் ஒரே ஸ்லாட்டில் மாற்றி மாற்றிப் போட்டு அளக்க வேண்டும். பழைய மாடல்கள் சிலவற்றில் முதல் ஸ்லாட் 5ஜி பிடிக்கும், இரண்டாவது 4ஜியோடு நின்றுவிடும். அது தெரியாமல் அளந்தால் புதுச் சிம் மெதுவானது என்று தப்பாக முடிவுகட்டிவிடுவோம்.

அளக்கும் முன் வைஃபை, வி.பி.என், டேட்டா சேவர், பேட்டரி சேவர் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ‘ஆட்டோ டேட்டா ஸ்விட்சிங்’ என்ற வசதி இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். அது இயங்கினால் டேட்டா சிம்மில் சிக்னல் இறங்கும் நேரத்தில் போன் தானாகவே அடுத்த சிம்முக்குத் தாவிவிடும். நாம் ‘அ’ நிறுவனத்தை அளப்பதாக நினைத்து ‘ஆ’ நிறுவனத்தின் எண்ணை எழுதி வைத்திருப்போம். நிறையப் பேர் கவனிக்காத இடம் இதுதான்.

காலை 6 மணி, மதியம் 1 மணி, இரவு 9 மணி என மூன்று நேரம். ஒவ்வொரு நேரத்திலும் சிம்முக்கு ஐந்து முறை. ஐந்தையும் வரிசைப்படுத்தி நடுவில் இருக்கும் எண்ணை எழுதுங்கள். அதிகபட்ச எண் ஆளை மயக்கும், அதை எழுதாதீர்கள். ஒரு சுற்று முடிந்ததும் ஃபிளைட் மோடு போட்டு எடுத்தால் போன் டவரைப் புதிதாகத் தேடிப் பிடிக்கும். மூன்று வேலை நாள், ஒரு ஞாயிறு அளந்தால் நிலவரம் தெரிந்துவிடும்.

மூன்று நேரத்திலும் முக்கியம் இரவு 9 மணிதான். விடியற்காலையில் எந்தச் சிம்மும் ஓடும்.

#3 தேவகோட்டை_ரஸ்தா

முறை சரி. ஒன்று சேர்க்க வேண்டும். ஸ்பீட் டெஸ்டையே ஐந்து ஐந்து முறை போட்டால் பேக் தாங்காது. 300 எம்.பி.பி.எஸ். (விநாடிக்கு 300 மெகாபிட்) வேகத்தில் 15 விநாடி டவுன்லோட் சோதனை ஓடினால் 4,500 மெகாபிட். எட்டு பிட் ஒரு பைட் என்பதால் எட்டால் வகுத்தால் ஏறக்குறைய 560 எம்.பி. தினம் 1.5 ஜி.பி. பேக்கில் மூன்றாவது சோதனையோடு கோட்டா தீர்ந்துபோகும். தீர்ந்த பிறகு பெரும்பாலான பேக்குகளில் வேகம் 64 கே.பி.பி.எஸ்ஸுக்கு இறங்கும். 2.5 எம்.பி. அளவுள்ள சாதாரணச் செய்திப் பக்கம் அந்த வேகத்தில் முழுதாக இறங்க ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். "நேற்று நன்றாக இருந்தது, இன்று சாயந்திரம் சிம் செத்துவிட்டது" என்று வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டியது மீதி டேட்டாதான்.

இன்னொன்று, ஜியோ, ஏர்டெல் இரண்டிலும் 2024 ஜூலை முதல் அளவில்லா 5ஜி என்பது தினம் 2 ஜி.பி. அல்லது அதற்கு மேலான பேக்குகளுக்கு மட்டும் என்று ஆனது. ஒரு சிம்மில் பெரிய பேக், மற்றதில் சின்ன பேக் போட்டுவிட்டு அளந்தால் பேக்கைத்தான் ஒப்பிட்டிருப்பீர்கள். இரண்டிலும் ஒரே தரத்துப் பேக் போடுங்கள். விதிகள் மாறிக்கொண்டே வரும், ரீசார்ஜ் செய்யும்போது ஆப்பில் படித்துக்கொள்ளவும்.

#4 கோட்டையூர்_ஸ்டேஷன்

அளப்பது இருக்கட்டும், எதை அளப்பது? டவுன்லோட் 80 எம்.பி.பி.எஸ். காட்டுகிறது, ஆனால் ஒரு பக்கம் திறக்க நான்கைந்து விநாடி ஆகிறது. 20 காட்டும் சிம்மில் சட்டென்று திறக்கிறது. எண் பொய் சொல்கிறதா?

#5 அலைவரிசை

எண் சரியானதுதான் தம்பி, ஆனால் அது பிரவுசிங்கின் எண் இல்லை. படம் இறக்குவதற்குக் குழாயின் அகலம் வேண்டும். பக்கம் திறப்பதற்குப் போய்வரும் நேரம் குறைய வேண்டும். அதைத்தான் பிங் என்கிறோம், மில்லிவிநாடியில் வரும்.

கணக்கு இப்படி. புதிய தளம் ஒன்றைத் திறந்தால் பெயருக்கு முகவரி கேட்க ஒரு நடை (டி.என்.எஸ்.), இணைப்பு போட ஒரு நடை, பாதுகாப்புப் பூட்டு போட ஒரு நடை, பக்கத்தைக் கேட்டு வாங்க ஒரு நடை. குறைந்தது நான்கு நடை. பிங் 40 என்றால் 160 மில்லிவிநாடியில் முதல் எழுத்து வரும். பிங் 150 என்றால் 600. அதோடு முடிவதில்லை. பக்கத்துக்குள் இருக்கும் எழுத்துரு, விளம்பரம், படம் ஒவ்வொன்றும் வேறு வேறு சர்வரில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இந்த நடை திரும்ப நடக்கும். அந்த நேரமெல்லாம் 80 எம்.பி.பி.எஸ். குழாய் காலியாகக் கிடக்கும்.

ஆகவே மூன்று எண் எழுதுங்கள்: சும்மா இருக்கும்போது பிங், டவுன்லோட் ஓடும்போது பிங், டவுன்லோட் வேகம். ஊக்லா ஸ்பீட் டெஸ்ட் ஆப்பில் மூன்றும் வருகிறது. ஃபாஸ்ட் தளத்தில் ‘மேலும் விவரம்’ தொட்டால் சுமையில்லாத பிங், சுமையுள்ள பிங் என்று தனித்தனியே காட்டும். சுமையில்லாமல் 35, சுமையோடு 400 என்று வந்தால் அந்த டவரில் வரிசை நீளம் என்று அர்த்தம். வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ இறங்கிக்கொண்டிருக்கும்போது பக்கம் திறக்காமல் நிற்பது இதனால்தான்.

பிரவுசிங்குக்குத் தேர்ந்தெடுக்கும்போது இரவு 9 மணிச் சுமை பிங் 100க்குள் இருக்கும் சிம்மையே எடுங்கள், அதன் டவுன்லோட் 15 ஆக இருந்தாலும் சரி.

#6 தேவகோட்டை_ரஸ்தா

இதில் கொஞ்சம் மாறுபடுகிறேன். 15 போதும் என்பது ஒரு ஆளுக்கு. வீட்டில் ஹாட்ஸ்பாட் போட்டு மூன்று போன், ஒரு டி.வி. ஓடினால் அகலமும் வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் சொன்ன வரிசையை வீட்டுக்குள்ளேயே உண்டாக்கிவிடுவோம். தனி ஆளுக்குப் பிங் முதல், ஹாட்ஸ்பாட்டுக்கு 40க்குக் குறையாத டவுன்லோட். இப்படிப் பிரித்துப் பார்ப்பதுதான் என் கணக்கு.

சர்வர் தேர்விலும் ஒரு தவறு நடக்கும். ஸ்பீட் டெஸ்ட் ஆப் தானாகத் தேர்ந்தெடுப்பது பல நேரம் அந்தந்த நிறுவனமே வைத்திருக்கும் சர்வர். அதில் வரும் எண் போனிலிருந்து நிறுவனத்தின் வாசல்வரை உள்ள வேகம், அதற்கு வெளியே உள்ள இணையம் அதில் இல்லை. இரண்டு சிம்முக்கும் சென்னையில் உள்ள ஒரே மூன்றாம் நிறுவனச் சர்வரைக் கையால் தேர்ந்தெடுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் ‘மைஸ்பீட்’ ஆப்பிலும் ஒருமுறை பாருங்கள்.

கடைசியாக, ஆப்பை மூடிவிட்டு உண்மையான பக்கங்களைத் திறந்து பாருங்கள். தினம் பார்க்கும் ஐந்து தளங்கள்: ஒரு தமிழ்ச் செய்தித்தாள், ஐ.ஆர்.சி.டி.சி., வங்கித் தளம், யூடியூப், ஒரு கடைத் தளம். மறைநிலைத் தாவலில் திறந்தால் பழைய சேமிப்பு குறுக்கே வராது. இன்னொரு போனில் ஸ்டாப்வாட்ச் போதும்.

#7 மானகிரி_ஆச்சி

எல்லோரும் சிம்மையே பேசுகிறீர்கள். பள்ளத்தூர்வாசி கேட்டதில் பாதிப் பதில் வீட்டில் இருக்கிறது.

செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று சிக்னல் ஒன்றன்பின் ஒன்றாகச் சுவர் தாண்ட வேண்டும். செங்கலும் சுண்ணாம்பும் வைத்த தடிச் சுவர், மேலே இரும்பு உத்தரம், சன்னலில் கம்பி. நிலைக்கண்ணாடியின் பின்பூச்சு உலோகம், அதுவும் அலையைத் திருப்பி அடிக்கும். வளவின் நடு முற்றம் மட்டும் வானம் பார்த்து இருக்கும், அதனால் அங்கே கோடு ஏறும். முற்றத்துக்கு மேலே தகரமோ இரும்பு வலையோ போட்ட வீட்டில் அதுவும் குறையும்.

இதில் நிறுவனம் எங்கே வருகிறது என்றால், எந்த அலைவரிசை என்பதில். தாழ்ந்த அலைவரிசை சுவரைத் தாண்டும், உயர்ந்தது தாண்டத் திணறும். 700 மெகாஹெர்ட்ஸுக்கும் 3500க்கும் ஐந்து மடங்கு. சுவரே இல்லாத வெட்டவெளியில்கூட அதே தூரத்தில் 3500இல் ஏறக்குறைய 14 டெசிபெல் கூடுதலாக இழப்பு. சுவர் வந்தால் வித்தியாசம் இன்னும் பெருகும். திண்ணையில் 5ஜி 400 காட்டிவிட்டு மூன்றாம் கட்டில் ஒன்றுமில்லாமல் போவது இப்படித்தான்.

தமிழ்நாட்டில் ஜியோ 4ஜிக்கு 850, 1800, 2300 வைத்திருக்கிறது, 5ஜிக்கு 700, 3500. ஏர்டெல் 900, 1800, 2100, 2300இல் 4ஜி, 3500இல் 5ஜி. வி நிறுவனத்துக்கு 4ஜியில் 900, 1800, 2100. பி.எஸ்.என்.எல். 4ஜி 700இலும் 2100இலும். ஒரு டவரில் இவை எல்லாம் ஏற்றியிருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதனால் பட்டியலை நம்பாமல், உங்கள் மூன்றாம் கட்டில் எந்த பேண்ட் (அலைவரிசை) வந்து சேருகிறது என்று போனையே கேளுங்கள்.

#8 பள்ளத்தூர்வாசி

ஆச்சி, போனைக் கேட்பது எப்படி? கோடு எண்ணிப் பார்ப்பதா?

#9 மானகிரி_ஆச்சி

கோடு வேண்டாம். ஒவ்வொரு கம்பெனி போனும் தன் இஷ்டத்துக்குக் கோடு போடும்.

டயல் பேடில் *#*#4636#*#* அடித்தால் பல ஆண்ட்ராய்டு போன்களில் ‘போன் தகவல்’ பக்கம் திறக்கும். சாம்சங்கில் *#0011#. ஐபோனில் *3001#12345#* அடித்து அழைப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். எதுவும் திறக்காவிட்டால் நெட்மான்ஸ்டர் ஆப் போட்டுக்கொள்ளலாம்.

பார்க்க வேண்டியது இரண்டு. ஆர்.எஸ்.ஆர்.பி. என்பது சிக்னலின் பலம், மைனஸில் வரும். மைனஸ் 85க்குள் இருந்தால் நல்லது, மைனஸ் 100 சமாளிக்கலாம், மைனஸ் 110ஐத் தாண்டினால் பக்கம் திணறும், மைனஸ் 120இல் இணைப்பே அறுந்து அறுந்து வரும். எஸ்.ஐ.என்.ஆர். என்பது இரைச்சலுக்கு மேலே சிக்னல் எவ்வளவு தெளிவு என்பது. 20க்கு மேல் அருமை, 10 பரவாயில்லை, 0க்குக் கீழே போனால் பலம் இருந்தும் பயனில்லை. சந்தைக்கடையில் ஒருவர் உரக்கப் பேசினாலும் காதில் விழாததுபோல.

வீட்டின் ஒவ்வொரு கட்டிலும் ஒரு நிமிடம் நின்று இரண்டு சிம்முக்கும் எழுதுங்கள். பலமும் தெளிவும் நன்றாக இருந்து இரவில் மட்டும் வேகம் படுத்தால் டவரில் கூட்டம். நிறுவனம் மாறினால் பலன் கிடைக்க வாய்ப்புண்டு. பலமே மைனஸ் 115 என்றால் சுவரும் தூரமும். தாழ்ந்த அலைவரிசையில் வரும் நிறுவனமா என்று மட்டும் பார்த்து மாறுங்கள்.

சிக்னல் பூஸ்டர் என்று ஆன்லைனில் விற்பதை வாங்கி மாட்டாதீர்கள். உரிமம் இல்லாமல் வைத்தால் சட்டப்படி குற்றம். அது எழுப்பும் இரைச்சல் டவருக்குத் திரும்பிப் போய்த் தெரு முழுவதற்கும் சிக்னலைக் கெடுக்கும்.

#10 கல்லல்காரன்

5ஜி பற்றி ஒரு விளக்கம். மேலே 5ஜி என்று காட்டினாலே 5ஜியில் ஓடுகிறது என்று நினைக்க வேண்டாம். ஜியோவினுடையது தனித்து இயங்கும் 5ஜி. ஏர்டெல் கைபேசிகளுக்குப் பெரும்பாலும் 4ஜியோடு சேர்ந்து இயங்கும் வகை: முதலில் 4ஜி டவரைப் பிடித்து அதன் தோளில் 5ஜி ஏறும். 4ஜி சிக்னல் விழுந்தால் 5ஜியும் விழும். தனித்து இயங்கும் வகையில் 4ஜியும் 5ஜியும் தனித்தனி என்பதால், ஓரத்தில் நிற்கும் போன் இரண்டுக்கும் நடுவே தாவித் தாவி ஒவ்வொரு தாவலிலும் ஓரிரு விநாடி நிற்கும்.

அதனால் இரண்டாம் கட்டில் அளக்கும்போது ‘4ஜி மட்டும்’ என்று நெட்வொர்க் அமைப்பில் வைத்து ஒரு சுற்று, 5ஜி தானாக என்று வைத்து ஒரு சுற்று எடுங்கள். 4ஜி மட்டும் வைத்ததில் பக்கம் வேகமாகத் திறந்தால் நிறுவனமே மாற வேண்டியதில்லை. வீட்டில் இருக்கும்போது 4ஜியில் வைத்துக்கொண்டால் போதும், பேட்டரியும் மிச்சம்.

பி.எஸ்.என்.எல்லுக்கு மாற நினைப்பவர்கள் போன் 4ஜியில் பேண்ட் 28 பிடிக்குமா என்று முதலில் பாருங்கள். 700 மெகாஹெர்ட்ஸ் அதுதான். அது இல்லாத பழைய போனில் 2100 மட்டும் கிடைக்கும், உள்கட்டில் அது வராது. பழைய 2ஜி, 3ஜி சிம் வைத்திருப்பவர்கள் 4ஜி சிம்மாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

#11 கோட்டையூர்_ஸ்டேஷன்

வீட்டில் நிற்கிறவருக்கு இது சரி. காரைக்குடி – புதுக்கோட்டை ரயிலில் தினம் போகிறவர்களுக்கு? கோட்டையூர், செட்டிநாடு தாண்டித் திருமயம்வரை நடுவில் சில இடம் அறுந்துபோகிறது.

#12 அலைவரிசை

ஓடும் வண்டியில் ஸ்பீட் டெஸ்ட் பயன்படாது, 15 விநாடிக்குள் டவர் மாறிவிடும். இரண்டு போன், இரண்டு சிம், ஒரே பெட்டி, ஒரே பக்கச் சன்னல். பத்து விநாடிக்கு ஒருமுறை ஆர்.எஸ்.ஆர்.பி.யைப் பதிவு செய்யும் வசதியை நெட்மான்ஸ்டர் போன்ற ஆப்பில் இயக்கிவிட்டு விடுங்கள். மைனஸ் 115க்குக் கீழே எத்தனை நிமிடம் என்று எண்ணினால் எந்தச் சிம் என்று விடை கிடைக்கும். சராசரி வேகத்தைவிட இருட்டு நிமிடங்களின் எண்ணிக்கைதான் அங்கே முக்கியம்.

அளக்கும் நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். குன்றக்குடி தைப்பூசம், பிள்ளையார்பட்டி சதுர்த்தி, சிராவயல் மஞ்சுவிரட்டு நாட்களில் சுற்றுவட்ட டவர்களெல்லாம் நிறைந்துவிடும். வெளியூர்க் குடும்பங்கள் கல்யாணத்துக்கு வந்து இறங்கும் வாரத்தில் சின்ன ஊர் டவர் இரண்டு மடங்கு ஆளைச் சுமக்கும். அந்த நாளில் எடுத்த எண் எந்த நிறுவனத்துக்கும் நியாயமாகாது.

#13 பள்ளத்தூர்வாசி

எல்லாம் குறித்துக்கொண்டேன். அளந்து பார்த்து மாறுவது என்று முடிவானால், போர்ட் செய்வதில் எங்கே சிக்கும்?

#14 தேவகோட்டை_ரஸ்தா

ஆங்கிலத்தில் போர்ட் என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, பத்து இலக்க எண்ணை 1900க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் எட்டு எழுத்துக் கோட் வரும். நான்கு நாள் செல்லும். அதை வைத்துக்கொண்டு புது நிறுவனத்தின் கடையில் ஆதார், விரல்ரேகை கொடுத்தால் புதுச் சிம் தருவார்கள். 2019 டிசம்பர் 16 முதல் உள்ள விதிப்படி ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் 3 வேலை நாளில் மாறும். சிவகங்கையும் புதுக்கோட்டையும் தமிழ்நாடு வட்டம்தான். பெங்களூரில் வாங்கிய எண்ணை இங்கே மாற்றினால் 5 வேலை நாள்.

கோட் வராமலோ போர்ட் தடைபட்டோ நிற்கும் காரணங்கள்: இப்போதைய நிறுவனத்தில் 90 நாள் ஆகவில்லை, போஸ்ட்பெய்டு பில் பாக்கி, எண் உங்கள் பெயரில் இல்லாமல் வேலை பார்க்கும் கம்பெனியின் பெயரில் இருக்கிறது, அல்லது தொலைந்த சிம்முக்குப் பதில் புதுச் சிம் வாங்கி 7 நாள் ஆகவில்லை. கடைசியாகச் சொன்னது 2024 ஜூலை 1 முதல் வந்த விதி.

மீதி இருக்கும் பேலன்ஸும் டேட்டாவும் கூட வராது. அதனால் பேக் முடியும் வாரத்தில் போர்ட் போடுங்கள். ஆனால் பேக் முழுதாக முடிந்து எஸ்.எம்.எஸ். போகாத நிலைக்கு விட்டுவிடாதீர்கள், 1900க்குச் செய்தி போக வேண்டும். பழைய சிம்மில் சிக்னல் போனதும் புதுச் சிம்மைப் போட வேண்டும். நடுவில் சில மணி நேரம் இரண்டும் பேசாது. கூகுள் பே, போன்பே போன்றவை சிம் மாறியதும் எண்ணைத் திரும்பச் சரிபார்க்கக் கேட்கும். வெளியூர்ப் பயணத்துக்கு முந்தின நாள் இதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

#15 கல்லல்காரன்

மாறிய பிறகு "புதுச் சிம்மும் மெதுவாக இருக்கிறது" என்று வருபவர்களில் பலருக்கு ஏ.பி.என். (நிறுவனத்தின் இணையத்துக்குள் போன் நுழையும் வாசலின் பெயர்) பழையதாகவே நிற்கும். மொபைல் நெட்வொர்க் அமைப்பில் ஏ.பி.என். பக்கத்தைத் திறந்து ‘இயல்புநிலைக்கு மீட்டமை’ கொடுத்து போனை அணைத்துப் போடுங்கள். கையால் போட வேண்டி வந்தால் ஜியோவுக்கு ஜியோநெட், பி.எஸ்.என்.எல்லுக்கு பி.எஸ்.என்.எல்.நெட், எல்லாம் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல். ஏ.பி.என். நெறிமுறை என்ற இடத்தில் ‘ஐ.பி.வி.4/ஐ.பி.வி.6’ (இணைய முகவரியின் பழைய வகை, புதிய வகை) இரண்டும் இருக்க வேண்டும். பழைய போன்களில் வி.4 மட்டும் தேர்வாகியிருக்கும், வி.6ஐ நம்பி ஓடும் நெட்வொர்க்கில் அது தடுமாறும்.

தனிப்பட்ட டி.என்.எஸ். என்ற இடத்தில் முன்பு ஏதாவது பெயர் போட்டு வைத்திருந்தால் அதையும் ‘தானியங்கி’க்கு மாற்றி ஒருமுறை அளந்து பாருங்கள். வெளி டி.என்.எஸ். சில நேரம் சென்னையில் இருக்கும் அந்தத் தளத்தின் நகலை விட்டுவிட்டு தூரத்து ஊர்ச் சர்வரைக் காட்டிவிடும். சிங்கப்பூர் போய்வந்தாலே கூடுதலாக 30 மில்லிவிநாடிக்கு மேல்.

#16 பள்ளத்தூர்வாசி

கடைசியாக ஒன்று. மூன்றாம் கட்டில் எந்தச் சிம்முமே மைனஸ் 115க்கு மேல் ஏறவில்லை என்றால்?

#17 மானகிரி_ஆச்சி

அப்போது சிம்மை விட்டுவிட்டு வயர் இழுங்கள். ஃபைபர் வரும் தெரு என்றால் ஃபைபர். வராத தெரு என்றால் மாடியில் ஆண்டெனா வைக்கும் ஏர்ஃபைபர் வகை, சுவருக்கு வெளியே சிக்னலைப் பிடித்து உள்ளே கேபிளில் கொண்டுவரும். ரூட்டரை முகப்பில் வைத்தால் அதுவும் இரண்டாம் கட்டு தாண்டாது. வளவின் தாழ்வாரத்தில் ஒன்று, மூன்றாம் கட்டில் கேபிள் இழுத்து இன்னொன்று. போனில் வைஃபை காலிங்கை இயக்கிவிட்டால் அழைப்பும் அதன் வழியே போகும். வயர் கொண்டுபோகச் சுண்ணாம்புச் சுவரில் துளை போடாதீர்கள், முற்றத்து ஓட்டுச் சரிவின் ஓரமாகவே மூன்றாம் கட்டு வரை கொண்டுபோய்விடலாம்.